ஆயில் கறை என்று நினைத்தேன்

1

இங்கிலாந்துக்கு வந்து போன செவ்வாயோடு மூன்று வருடம் முடிந்தது. முதல் வருடம் அந்த நாளில் கேசரி கிண்டினேன். இரண்டாம் வருடம் கோதுமை அல்வா செய்யப்போய் அது களியாகி, வீட்டில் மூன்று பேரும் ஸ்பூனால் தோண்டித் தின்றோம். இந்த வருடம் அடுப்புப் பக்கமே போகவில்லை. அன்று காலையில்தான் என்னோடு வேலை பார்த்த ஜெபா ஊருக்கு விமானம் ஏறினாள்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் எழுதினால் பனி, ரயில், சுத்தமான தெரு என்று எழுதுவார்கள் என ஊரில் எதிர்பார்ப்பீர்கள். பனி பெய்கிறது, ரயில் தாமதமாக வருகிறது, தெரு எங்கள் பொங்கலூரைவிடச் சுத்தமாகத்தான் இருக்கிறது. அதைப் பற்றி அவ்வளவுதான். ஜெபா ஏன் போனாள், அதில் என் பங்கு என்ன என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினெட்டு வருடம் செக்கிங் பிரிவில் இருந்தவள். ஆர்டர் குறைந்து, வாரத்தில் பாதி நாள் வீட்டில் உட்கார வைத்தார்கள். தபால் வழியில் முடித்த டிகிரியும், துணி வாங்க வரும் வெளிநாட்டு பையர்களோடு பேசிப் பழகிய ஆங்கிலமும் கையில் இருந்தன. ஒரு ஏஜென்ட் வழியாக, முதியோரைக் கவனிக்கும் வேலைக்கு இங்கே வந்துவிட்டேன். தனியாக இருக்கும் வயதானவர்களின் வீட்டுக்குப் போய்க் குளிப்பாட்டி, உடுத்தி, சாப்பாடும் மாத்திரையும் கொடுத்துவிட்டு வர வேண்டும். ஒரு வீட்டுக்கு அரை மணி நேரம். உள்ளே நுழையும்போதும் வெளியே வரும்போதும் போனில் பதிய வேண்டும். என் பெயர் சாந்தாமணி. ஆபீசில் அது நீளம் என்று "சாண்டா" ஆக்கிவிட்டார்கள். டிசம்பர் மாதம் முழுவதும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரித்து வைப்பேன்.

விசா என் பெயரில் இருக்கிறது. வீட்டுக்காரரும் மகள் தாரணியும் அதைப் பிடித்துக்கொண்டுதான் இங்கே இருக்கிறார்கள். கம்பெனி என்னை வேண்டாம் என்று சொன்னால் இரண்டு மாதத்துக்குள் விசா கொடுக்கும் வேறொரு கம்பெனியைப் பிடிக்க வேண்டும். இப்போது அப்படி ஒன்றைப் பிடித்தவர்களை நான் பார்த்ததில்லை. பிடிக்காவிட்டால் மூன்று பேரும் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

2

டோரதி என்ற அம்மாளின் வீடு ஊர்க்கோடியில் இருக்கிறது. பக்கவாதம் வந்து பேச்சுப் போனவர். வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை. "அம்மா" என்றுதான் கூப்பிடுவேன், அதற்கும் திரும்பிப் பார்ப்பார். அவர் மகன் பீட்டர் ஞாயிறுதோறும் வந்து போவார். மற்ற நாட்களில் நானும் ஜெபாவும் முறை வைத்துப் போய்க்கொண்டிருந்தோம்.

ஜெபா சாத்தான்குளம் பக்கத்துப் பெண், நர்சிங் படித்தவள். அவளுடைய அம்மா திருப்பூருக்கு வந்து பதினைந்து வருடம் பனியன் கம்பெனியில் டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலை பார்த்தவர். அந்தச் சொந்தத்தில் முதல் நாளே என்னை "யக்கா" என்று ஒட்டிக்கொண்டாள். புருஷனையும் சின்னப் பையனையும் ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்திருந்தாள். கம்பெனியில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

டோரதி வீட்டு முன்னறையில், ஜன்னல் விளிம்பில் ஒரு கண்ணாடிப் பூஜாடி இருந்தது. முழங்கை உயரம். அடியிலிருந்து, கண்ணாடியிலேயே செய்த நீள நீளமான இலைகளும் தண்டுகளும் வளைந்து மேலேறும். வாய்ப் பக்கம் சின்னச் சின்ன மொட்டுகள். கண்ணாடி பச்சைதான், ஆனால் அதன் மேல் ஒரு மினுமினுப்பு. இந்தப் பக்கம் நின்றால் தங்கம், அந்தப் பக்கம் போனால் ஊதா, நடுவில் மயில் கழுத்து நிறம். பூ ஒன்றும் வைத்து நான் பார்த்ததில்லை.

அழகாக இருந்ததா என்று கேட்டால், அப்போது எனக்கு அது அழகாகவே தெரியவில்லை. சாயப்பட்டறைத் தண்ணீர் நொய்யலில் ஓடியதைப் பார்த்து வளர்ந்தவள் நான். தண்ணீரின் மேல் வானவில் மாதிரி ஒரு படலம் மிதக்கும். மழை பெய்தால் பஸ் ஸ்டாண்டில் தேங்கும் தண்ணீரிலும் டீசல் சிந்தி அதே படலம் நிற்கும். அந்த நிறங்களை எங்கள் ஊரில் யாரும் நின்று ரசித்ததில்லை, புடவையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கித்தான் போவோம்.

3

செக்கிங் வேலை என்றால் என்னவென்று பனியன் கம்பெனியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். நீள மேஜை, தலைக்கு மேல் வெள்ளை வெளிச்சம், முன்னால் துணிக்குவியல். ஒவ்வொரு பீஸையும் விரித்து, ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்த்து, சரியாக இருந்தால் நம் நம்பர் ஸ்டிக்கரை ஒட்டித் தள்ள வேண்டும். என் நம்பர் இருபத்தேழு. எங்களுடைய முதல் எதிரி ஆயில் கறை. நிட்டிங் மெஷினின் ஊசிக்கு விடும் எண்ணெய் துணியில் சொட்டியிருக்கும். நேராகப் பார்த்தால் தெரியாது, சாய்த்துப் பிடித்தால் லேசாக மினுங்கும். கண்டுபிடித்ததும் ஸ்ப்ரே கன்னால் மருந்தடித்துத் தேய்க்க வேண்டும். நடுவிலிருந்து தேய்த்தால் வட்டம் விழுந்துவிடும், ஓரத்திலிருந்து நடுவுக்குத் தேய்க்க வேண்டும். பதினெட்டு வருடத்தில் என் கை எத்தனை கறையை அப்படி எடுத்திருக்கும் என்று எனக்கே தெரியாது.

ஒருமுறை பையரின் ஆள் வந்து ஒரு பெட்டியைப் பிரித்தார். மூன்று பீஸில் கறை. ஸ்டிக்கரைப் பார்த்த எங்கள் இன்சார்ஜ் ருக்மணியக்கா ஹாலில் நின்று கேட்டார்.

"இருபத்தேழு யாருங்க?"

நான் எழுந்து நின்றேன். "என்ற பீசுங்கக்கா."

"செரி. அந்த லாட்டு பூராத்தையும் மறுக்காப் பாத்துப்போடுங்க."

அவ்வளவுதான். சாயங்காலம் வரை உட்கார்ந்து பார்த்தேன், அதோடு தீர்ந்தது. வீட்டுக்குப் போகும் பஸ்சில் நன்றாகத் தூங்கிக்கூடப் போனேன்.

இந்தக் கையோடுதான் பிப்ரவரியில் ஒரு மழை நாளில் டோரதி வீட்டுக்குப் போனேன். அவர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்துவிட்டார். எனக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. முன்னறையில் தூசியாக இருக்கிறது, கொஞ்சம் துடைத்தால் நல்லது என்று பீட்டர் முந்தின வாரம் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். மேஜையைத் துடைத்தேன், ஜன்னல் விளிம்பைத் துடைத்தேன். மங்கலான வெளிச்சத்தில் பூஜாடியைச் சாய்த்துப் பிடித்தேன். மினுங்கியது. இத்தனை வருடச் சமையல் புகை படிந்து எண்ணெய்ப் படலம் கட்டியிருக்கிறது, இந்த வீட்டில் ஒருத்தருக்கும் கண்ணில்லை என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன்.

சோப்புத் தண்ணீருக்கு அது போகவில்லை. சமையலறையில் அடுப்பு தேய்க்கும் பசை இருந்தது. ஜெபா வாங்கி வைத்தது. அதற்கும் போகவில்லை என்றதும் உப்புக்கறை நீக்கும் ஆசிட்டை ஊற்றினேன். கம்பி நாரால், ஓரத்திலிருந்து நடுவுக்கு, பக்குவமாகத் தேய்த்தேன். உள்ளங்கை அகலத்துக்கு மினுமினுப்பு முழுக்கப் போய் வெறும் பச்சைக் கண்ணாடி தெரிந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட வந்தது.

அப்போது மழை விட்டு வெயில் அடித்தது. பூஜாடி முழுவதும் இலை இலையாகத் தீப்பிடித்த மாதிரி எழும்பியது. நான் தேய்த்த இடம் மட்டும் செத்துக் கிடந்தது. ஒரு இலையின் பாதியைக் காணோம். ஒரு மொட்டு வெறும் மேடாக நின்றது. கறை என்று நினைத்து நான் எதை எடுத்திருக்கிறேன் என்பது அந்த ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது.

பூஜாடியைக் கழுவி, துடைத்து, தேய்த்த பக்கம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்தேன். போனில் நேரத்தைப் பதிந்துவிட்டு வெளியே வந்தேன்.

4

தாரணிக்குப் பதினாலு வயது. இங்கே வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தவள். இப்போது நான் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். நான் ஒன்று சொன்னால் அதற்கு நாலு கேள்வி கேட்பாள். குளிர்கிறது, ஜாக்கெட் போடு என்று சொல்வதற்குக்கூட ஒரு விவாதம் நடத்த வேண்டும். ஊரிலிருந்து மாமா போன் செய்தால் ஹலோ சொல்லிவிட்டு என்னிடம் தள்ளிவிடுவாள்.

அவளிடம்தான் அன்று சொன்னேன். வேறு யாரிடம் சொல்வது. அவள் போனில் தேடி வரிசையாகப் படங்களைக் காட்டினாள். டோரதி வீட்டுப் பூஜாடிக்கு அக்கா தங்கைகள் மாதிரி அதில் எத்தனையோ இருந்தன.

"அம்மா, இது ஆன்ட்டீக். நூறு வருஷத்துக்கு மேல இருக்கும். கண்ணாடி நெருப்புல சூடா இருக்கறப்பவே மெட்டல் புகையை அடிச்சு அந்தக் கலரை வரவைப்பாங்களாம். அந்த ஷைன்தான் அதுல எல்லாமே."

"திருப்பி ஒட்ட வெக்க முடியுமா கண்ணு?"

"முடியாதும்மா. நீ ஆபீஸ்ல சொல்லணும்."

"சொன்னா?"

"சொன்னா என்ன? ஆக்சிடென்ட்தானே. ஆபீஸ் சைட்ல ஃபார்ம் இருக்கும், நான் போன்லயே ஃபில் பண்ணித் தர்றேன்."

இருந்தது. நடந்தது என்ன, எந்த நேரம், யார் பார்த்தார்கள், இனி நடக்காமலிருக்க என்ன செய்வீர்கள் என்று வரிசையாகக் கட்டங்கள். தாரணி ஒவ்வொன்றையும் பள்ளிக்கூட வீட்டுப்பாடம் மாதிரி நிதானமாக நிரப்பினாள். அனுப்பு என்ற பொத்தானை மட்டும் நான் அழுத்த வேண்டும்.

ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் பார்சல் டிப்போவில் மூட்டை பிரிப்பவர். ஷூவைக் கழற்றாமலேயே படித்தார்.

"ஏனுங்க, அனுப்பீரலாங்களா?"

"அனுப்பீட்டு? போன மாசந்தான் நாலு பேர வேலை பத்தலன்னு வீட்டுக்கு அனுப்பிச்சிருக்கறாங்க. அஞ்சாவதா யாரு கெடைப்பாங்கன்னு உக்காந்திருக்கறானுக. புள்ளைக்கு இன்னும் ரெண்டு வருசத்துல பரீட்சை. இப்ப ஊருக்குக் கூட்டீட்டுப் போனா அது எங்க போயி உக்காரும்?"

நான் அனுப்பவில்லை. ஒவ்வொரு நாளும் தாரணி கேட்டாள். நாளைக்கு என்றேன். ஒரு நாள் ஆபீஸ் வாசல் வரை போனேன். மேனேஜரம்மா கையில் காபியோடு எதிரே வந்து, "சாண்டா, எல்லாம் ஓகேவா?" என்றார். ஓகே என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்சில் திரும்பிவிட்டேன்.

5

ஏப்ரலில் டோரதியை முதியோர் இல்லத்துக்கு மாற்றுவது என்று முடிவானது. வீட்டை ஒழுங்குசெய்ய வந்த பீட்டர் பூஜாடியைக் கையில் எடுத்தார். அது டோரதியின் அம்மாவுக்குக் கல்யாணத்தில் வந்ததாம். அவர் சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து அழுதார் என்று ஜெபாதான் சொன்னாள். அன்று அவள் முறை.

கம்பெனி விசாரித்தது. அந்த வீட்டுக்குப் போனது இரண்டே பேர். பிப்ரவரி மாதப் பதிவில் ஜெபா ஒரு நாள், முன்னறை ஜன்னல் விளிம்பைத் துடைத்தேன் என்று எழுதியிருந்தாள். செய்ததையெல்லாம் ஒழுங்காக எழுதுகிற பெண். அடுப்புப் பசையையும் அவள்தான் வாங்கியிருக்கிறாள், ரசீதைக்கூட ஒட்டி வைத்திருந்தாள். என் பதிவில் "சாப்பிட்டார், தூங்கினார்" என்பது மட்டும் இருந்தது.

மேனேஜரம்மா போனில் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. அந்தப் பூஜாடியை நீங்கள் தொட்டீர்களா?

"நோ" என்றேன்.

மூன்று வருடத்தில் என் ஆங்கிலத்தை யாரும் திருப்பிக் கேட்காத ஒரே தடவை அதுதான். நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பத்து நாளில் ஜெபாவுக்கு, வேலையிலிருந்து நீக்கிவிட்டதாகக் கடிதம் வந்தது. புதிதாகச் சேர்ந்தவள் என்பதால் நீளமாக விசாரிக்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. இரண்டு மாதமும் அவள் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினாள். ஏன் நீக்கினார்கள் என்று பழைய ஆபீசில் கேட்பார்கள், அதோடு கதவு மூடிவிடும்.

6

போவதற்குப் பத்து நாள் முன்னால் ஒரு ஞாயிறு மதியம் வீட்டுக்கு வந்தாள். தன் குக்கர், இட்லித் தட்டு, தாரணிக்கு என்று ஒரு மழைக்கோட்டு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். எங்கள் பக்கத்து அரிசியும்பருப்பும் சாதம் செய்து வைத்திருந்தேன். நெய் ஊற்றிச் சாப்பிட்டாள். அம்மா கை ருசி என்று சொன்னாள். நான் இன்னொரு கரண்டி வைத்தேன்.

கை கழுவிவிட்டு வந்து, பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.

"யக்கா, கடைசியா ஒரு அப்பீல் எழுதிருக்கேன். கூட வேல பாத்தவுக ஒருத்தர் கையெழுத்து போட்டுக் குடுத்தா மறுபடியும் விசாரிப்போம்னு சொல்லுதாங்க. வேற ஒண்ணுமில்ல. ஜெபா கவனமா வேல செய்யிற பொண்ணு, அதை அவ செஞ்சிருக்க மாட்டான்னு நம்புறேன். அவ்வளவுதான் எழுதிருக்கு."

தாளை வாங்கிப் பார்த்தேன். நம்புகிறேன் என்றுதான் இருந்தது. நான் அறிந்ததில் பாதிகூட அது இல்லை.

"நீங்க செக்கிங்ல இருந்தவுக. ஒங்க கண்ணுல பட்டிருந்தா அன்னைக்கே சொல்லிருப்பீயல்லா? அதான் எனக்குக் கொழப்பமா இருக்கு. அவுக வீட்டு ஆளுவளே என்னமும் பண்ணிட்டு நம்ம தலையில போடுதாங்களோ என்னமோ."

மாடிப்படியில் தாரணி நின்றுகொண்டிருந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. ஆனால் அவள் நிற்பது தெரிந்தது. கையெழுத்துப் போட்டால் அவர்கள் மறுபடியும் விசாரிப்பார்கள். மறுபடியும் விசாரித்தால் மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான்.

"நா கண்ணுல பாக்கலியே ஜெபா. பாக்காதத எப்படி எழுதிக் குடுக்கறது?"

இதைச் சொன்னது நான்தான். என் வாய்தான். கோபப்படுவாள் என்று நினைத்தேன், அது வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நல்லதாக இருந்திருக்கும்.

"அதுவுஞ் சரிதான்க்கா. ஒங்களுக்கும் புள்ள இருக்கு. நான் கேட்டிருக்கவே கூடாது, மனசுல வச்சிக்கிடாதீங்க."

தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். "ஏட்டி தாரணி, இங்க வா, கோட்டு சரியா இருக்கான்னு பாப்போம்" என்று கூப்பிட்டாள். தாரணி இறங்கி வந்து கையை நீட்டிக்கொண்டு நின்றாள். ஜெபா அவளுக்குப் பொத்தான் போட்டுவிட்டு, தோளைத் தட்டி, நல்லாப் படி என்றாள். தாரணி தலையை நிமிர்த்தவே இல்லை.

அன்று ராத்திரி தாரணி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி தினமும் வரும்போது அதற்குப் பயந்துகொண்டிருந்தேன். அது நின்றபோது இன்னும் அதிகமாகப் பயமாக இருந்தது.

7

போன செவ்வாய் மதியம் கம்பெனியிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. ஜெபா பார்த்துக்கொண்டிருந்த வீடுகளை இனி நான் பார்க்க வேண்டும். விசாவுக்கான சான்றிதழை இன்னும் மூன்று வருடத்துக்கு நீட்டித்திருக்கிறார்கள். என் வேலையில் ஒரு புகாரும் இல்லை என்பதைக் குறிப்பிட மகிழ்கிறார்களாம். வீட்டுக்காரர் இரண்டு தடவை படித்துவிட்டு, "அப்பாடா" என்று சோபாவில் சாய்ந்தார். முருகனுக்கு முடிந்து வைத்திருந்த காசை எடுத்து, ஊருக்குப் போகும்போது பழனிக்குப் போகலாம் என்றார். எந்த முகத்தோடு போவது என்று நான் கேட்கவில்லை.

சாயங்காலம் தாரணி பள்ளியிலிருந்து வந்தாள். ஜெபா கொடுத்த கோட்டைத்தான் போட்டிருந்தாள். கடிதத்தைக் காட்டினேன். முழுவதும் படித்தாள். பிறகு மேஜையில் என் எதிரே உட்கார்ந்து, போனைக் கையில் எடுத்தாள்.

"ஜெபா சித்தி இப்ப ஃப்ளைட்ல இருப்பாங்க. காலையில இறங்கிருவாங்க. நான் அவங்களுக்கு எழுதட்டா? அது நீதான்னு. ஃபார்ம் இன்னும் போன்ல இருக்கு, அதையும் அனுப்பிடலாம். அவங்க மேல இருக்கற அந்தக் கெட்ட பேராவது போகும்."

நிஜமாகவே கேட்டாள். கண்ணில் குத்தல் இல்லை, கோபம் இல்லை. பிப்ரவரியில் படங்களைத் தேடிக் காட்டிய அதே பிள்ளையின் முகம் ஒரு நிமிடம் திரும்பி வந்திருந்தது. வீட்டுக்காரர் சோபாவில் அசையாமல் இருந்தார். சரி என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். அவள் என்னோடு சண்டை போட வேண்டும், நீ கோழை என்று கத்த வேண்டும், என்னைக் கேட்காமலேயே அதை அனுப்பிவிட வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டே சொன்னேன்.

"வேண்டாங் கண்ணு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "சரிம்மா" என்றாள். போனில் அந்தப் படிவத்தைத் திறந்து, என் கண்ணெதிரே அழித்தாள். சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டாள். இந்த ஊருக்கு வந்த பிறகு அவள் என் பேச்சை மறுத்துப் பேசாமல் கேட்டது அதுதான் முதல் தடவை.